மூணாவது டார்ட்டுக்கு இடம் இருக்கா? வாசகர் கேள்வி பதில்

போன தடவை டார்ட்ஸ் (முறைக்கு மூணு குட்டி அம்பை வட்ட போர்டுல வீசற ஆட்டம்) பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே கேள்விகள் குவிஞ்சுடுச்சு. பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்கும் நானே ஒரு பட்டப்பேர் வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

மூணாவதுல நொந்தவர்: முதல் ரெண்டு டார்ட் ட்ரிபிள் 20-ல (20-க்கு மூணு மடங்கு ஸ்கோர் தர்ற சின்னக் கட்டம்) போய் உக்காந்துடுது. மூணாவது எப்பவும் அதுல இடிச்சுட்டு 5-லயோ 1-லயோ விழுது. புது செட் வாங்கினா சரியாகுமா?

முதல் ரெண்டு அங்க போகுதுன்னா உங்க கைக்கு முதல்ல ஒரு சலாம். ட்ரிபிள் கட்டத்தோட அகலம் வெறும் 8 மில்லிமீட்டர், நீளவாக்குல ஒரு 3 சென்டிமீட்டர், அவ்வளவுதான். அதுக்குள்ள ரெண்டு டார்ட் குத்தி நிக்குது, பின்னாடி ரெண்டு ஃப்ளைட் ரெக்கையை விரிச்சுக்கிட்டு வழியை மறைக்குது, இதுல மூணாவது எப்படிங்க நுழையும்? கொஞ்ச வருஷமா மார்க்கெட்டுக்கு வந்த புது சாமானை எல்லாம் வரிசையா வெச்சுப் பாருங்க, மெல்லிசு பேரல் (கையில பிடிக்கற உலோக உடம்பு), நீட்டு பாயின்ட் (முன்னாடி ஊசி முனை), சின்ன ஃப்ளைட், கம்பி இளைச்ச போர்டு, முக்கால்வாசி இந்த மூணாவது டார்ட்டுக்கு இடம் விடறதுக்காக வந்ததுதான். அதனால உங்க கேஸ்ல செட் மாத்தினா பலன் இருக்கும். ஆனா நூறு தடவைல ரெண்டு தடவைதான் அப்படிப் போகுதுன்னா (கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க) இப்போதைக்கு காசை பத்திரமா வெச்சுக்கங்க.

காசே செலவில்லாத வழி ஒண்ணும் இருக்கு. மேல அடைச்சுடுச்சுன்னா மூணாவதை கீழ ட்ரிபிள் 19-க்கு இறக்குங்க. 180-க்கு பதிலா 177, மூணு பாயின்ட்தான் நஷ்டம். பெரிய ப்ளேயர்ஸ் மேட்சைப் பாருங்க, அடைச்சுதுன்னு தெரிஞ்ச அடுத்த செகண்டே கண்ணு கீழ இறங்கிடும்.

கணக்குப் பிள்ளை: 80, 90, 95 பர்சன்ட் டங்ஸ்டன்னு போடறாங்களே, பர்சன்ட் ஏற ஏற விலையும் ஏறுது. நிஜமா வித்தியாசம் தெரியுமா?

நீங்க கணக்குப் பிள்ளைன்னா கணக்காவே சொல்றேன். 24 கிராம் பேரல், 5 சென்டிமீட்டர் நீளம்னு வெச்சுக்கங்க. பித்தளைல செஞ்சா தடிமன் எட்டரை மில்லி கிட்ட வரும், 90 பர்சன்ட் டங்ஸ்டன்ல செஞ்சா 6 மில்லி. டங்ஸ்டன் அவ்வளவு கனமான உலோகம், ஒரு கன சென்டிமீட்டரே 19 கிராமுக்கு மேல இருக்கும், அதான் அதே எடை சின்ன இடத்துல அடங்கிடுது. பித்தளைலேர்ந்து டங்ஸ்டனுக்கு மாறினா கையில எடுத்ததுமே தெரியும், இது நிஜமான தாவல். 80-லேர்ந்து 90-க்குப் போனா ஒரு 0.3 மில்லி மெலியும், அதுவும் பரவாயில்ல. 90-லேர்ந்து 95-க்கு? 0.2 மில்லி கூட குறையாது. முடியை விட கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். நானும் ஒரு ஆசைல 97 வாங்கினவன், ஆவரேஜ் ஏறல, பர்ஸ்தான் மெலிஞ்சுது.

எடை பத்தியும் நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க. ரூல்படி 50 கிராம் வரைக்கும் போகலாம், ஆனா அவ்வளவு கனத்தை யாரும் வீசறதில்ல, இரும்பு முனை டார்ட்னா பெரும்பாலும் 20-லேர்ந்து 26-க்குள்ளதான் சுத்தும். புதுசுன்னா 22, 23-ல ஆரம்பிங்க, ஒரு மூணு மாசம் அதை மாத்தாதீங்க. வாரத்துக்கு ஒரு எடைன்னு மாத்திக்கிட்டே இருந்தா கை எதைத்தான் ஞாபகம் வெச்சுக்கும்?

நீளமூக்கன்: இப்ப எல்லாரும் நீளமான பாயின்ட் போடறாங்க, இது வெறும் ஸ்டைலா?

பாதி ஸ்டைல், பாதி விஷயம். முன்னாடி சாதாரணமா வந்தது 32 மில்லி, இப்ப 36, 40-ன்னு போயிட்டாங்க. பாயின்ட் நீண்டா தடியான பேரல் போர்டை விட்டு ஒரு துளி தள்ளி நிக்கும், கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கறது மெல்லிசு ஊசி மட்டும்தான், அடுத்த டார்ட் அதுல உரசினாலும் சறுக்கி உள்ள போக வாய்ப்பு ஜாஸ்தி. விரலை பாயின்ட் மேல வெச்சுப் பிடிக்கறவங்களுக்கு இன்னும் வசதி. ஆனா ஒண்ணு, பாயின்ட் நீண்டா டார்ட்டோட பேலன்ஸ் முன்னாடி தள்ளும், முதல் வாரம் எல்லாமே கீழ கீழ விழுதேன்னு எனக்கு எழுதாதீங்க.

பாயின்ட்ல வெட்டு வெட்டா வரி போட்டும் வருது. போர்டுல நல்லா கடிச்சு நிக்கும், பிடுங்கறப்பதான் நாரையும் சேத்து உருவிடும். லேசா திருகிக்கிட்டே இழுங்க. டார்கெட் கம்பெனியோட ஸ்விஸ் பாயின்ட்ல ஒரு குட்டி சாவியை வெச்சு திருகினா பாயின்ட் கழண்டு வரும், வீட்லயே மாத்திக்கலாம். முன்னாடி இதுக்கு தனி மெஷின் வெச்சு அழுத்தி எடுக்கணும், அந்த அவஸ்தையைப் பட்டவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

ரெக்கை பிஞ்சவர்: ஃப்ளைட்டும் ஷாஃப்ட்டும் (ஃப்ளைட்டைத் தாங்கற காம்பு) ஒண்ணா ஒட்டின மாதிரி வருதே, வாங்கலாமா?

கோண்டோர், கே-ஃப்ளெக்ஸ் மாதிரி ஒரே துண்டா அச்சுல வார்த்ததைக் கேக்கறீங்க. மடிக்கற பழைய ஃப்ளைட் கொஞ்ச நாள்ல கோணிக்கும், ஒரு ரெக்கை விரியும், ஒண்ணு சுருங்கும். இதுல நாலு ரெக்கையும் எப்பவும் விறைப்பா செங்கோணத்துல நிக்கும், டார்ட் ஒரே மாதிரி பறக்கும், நடுவுல கழண்டும் விழாது. குறை என்னன்னா பழைய ஃப்ளைட்ல அடுத்த டார்ட் இடிச்சா அது வளைஞ்சு வழி விடும், இது வளையாது, டார்ட் திசை மாறி எங்கயாவது போகும். உடைஞ்சாலும் மொத்தமா தூக்கிப் போடணும். நெருக்கமா குத்தறவங்க சின்ன சைஸ் ஃப்ளைட்டா பாத்து எடுங்க.

தண்ணி தெளிக்கறவர்: எங்க போர்டுல டார்ட் நிக்காம தெறிச்சு விழுது. ராத்திரி கொஞ்சம் தண்ணி தெளிச்சு வெச்சா சரியாகும்னு ஒரு பெரியவர் சொன்னார்.

ஐயோ, வேண்டாம்! அவர் பொய் சொல்லல, ஆனா அது வேற காலத்துப் பேச்சு. ஆரம்பத்துல போர்டு எல்லாம் எல்ம் மரத்துல செஞ்சது, அதை ராத்திரி தண்ணில ஊறப் போடுவாங்க, ஊறினா துளை மூடிக்கும். அப்புறம் களிமண் மாதிரி ஒரு பொருள்ல செஞ்சு, வாடை வராதுங்கறதையே பேரா வெச்சு நோடார்னு ஒரு கம்பெனி வந்துது, அதே கம்பெனிதான் 1930-கள்ல சிசல் நார்ப் போர்டைக் கொண்டு வந்துது. இன்னிக்கு நீங்க குத்தறது அந்த நார்தான். கத்தையா நெருக்கி அடைச்ச நார், டார்ட் போனா ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடும், எடுத்தா மூடிக்கும். தண்ணி பட்டா உப்பி உப்பி போர்டே வீணாப் போகும்.

தெறிக்கறதுக்குப் பெரும்பாலும் கம்பிதான் காரணம். பழைய போர்டுல உருண்டைக் கம்பி, அதைப் பிடிக்க ஸ்டேபிள் வேற. டார்ட் மூக்கு அது மேல பட்டா நேரா உங்க காலடிக்குத்தான் வரும். புதுசுல கம்பி பிளேடு மாதிரி மெல்லிசா நாருக்குள்ள பதிஞ்சிருக்கும், 'புல்'னு சொல்ற நடு வட்டத்தைச் சுத்தியும் ஸ்டேபிள் கிடையாது. பட்டாலும் வழுக்கி உள்ளதான் விழும். போர்டு மாத்தற வரைக்கும் பாயின்ட் மழுங்கியிருக்கான்னு பாருங்க. நம்பர் வளையத்தைக் கழட்டி போர்டைத் திருப்பி வெச்சா 20 மட்டும் தேயாது. திருப்பறப்ப ரெண்டு கட்டம் ரெண்டு கட்டமா திருப்புங்க, இல்லன்னா 20 கருப்பு கட்டத்துல வராது.

சோம்பேறி சுப்பு: கேமரா வெச்சா ஸ்கோர் தானா போடுமாமே?

போடும். ஆட்டோடார்ட்ஸ், ஸ்கோலியா மாதிரி சிஸ்டம் எல்லாம் போர்டைச் சுத்தி கேமராவை மாட்டி, டார்ட் முனை எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சு ஸ்கோரை 501-லேர்ந்து கழிச்சுக்கும். எங்கயோ இருக்கற ஆளோட வீட்லேர்ந்தே மேட்ச் ஆடலாம். 2020 லாக்டவுன்ல பெரிய டார்ட்ஸ் போட்டிகளை நடத்தற பிடிசி அமைப்பே ப்ளேயர்ஸை அவங்கவங்க வீட்ல ஆட வெச்சு ஹோம் டூர் நடத்துச்சு, அந்த ருசி அப்புறம் நிறைய பேரை விடல. ஆனா இங்கயும் அதே பிரச்சனைதான், மூணு டார்ட்டும் ஒட்டிக்கிட்டு நின்னா ஒண்ணு இன்னொண்ணை மறைச்சுடும், கேமரா முழிக்கும். சுத்தி வளைய லைட் மாட்டி நிழல் விழாம பாத்துக்கிட்டா தப்பு குறையும். சோம்பேறித்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும், கழித்தல் கணக்கை கைவிடாதீங்க. கடைசி டார்ட் டபுள்லயோ (வெளி வளையம்) நடு வட்டத்துலயோ விழுந்து கணக்கு பூஜ்யமாகணும், அதனால பாக்கி 170-ஐ மூணே டார்ட்ல முடிக்கலாம், 169-ஐ முடியாதுங்கறதெல்லாம் தானா மண்டைல ஏறணும்.

பையனோட அப்பா: லூக் லிட்லரைப் பாத்துட்டு எங்க வீட்ல 7 வயசுக்காரன் டார்ட் கேட்டு அடம்.

லிட்லர் 16 வயசுல டார்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் ஆடினான், 2025 ஜனவரில 17 வயசுலயே சாம்பியன், 2026-லயும் அவனேதான், அந்தத் தடவை பரிசே 10 லட்சம் பவுண்ட். பசங்க அடம் பிடிக்காம என்ன செய்வாங்க? அவனே தவழ்ற வயசு தாண்டினதும் காந்த போர்டுலதான் ஆரம்பிச்சவன். உங்களோடதுக்கும் முதல்ல காந்தம்தான், போர்டை அவன் கண்ணு உயரத்துக்கு இறக்கி மாட்டுங்க. நடு வட்டம் தரைலேர்ந்து 1.73 மீட்டர், நிக்கற கோடு 2.37 மீட்டர்ங்கற பெரியவங்க அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

பழைய இரும்பு: அப்பாவோட பித்தளை செட் ஒண்ணு இருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

கூடவே கூடாது. மேல சொன்ன எட்டரை மில்லிதான் அது. வாரத்துல ஒரு நாள் அதை எடுத்து வீசுங்க, ட்ரிபிளை அடைச்சா சட்டுனு 19-க்கு மாறற பழக்கம் தானா வந்துடும். அதுல என்னிக்காவது 180 விழுந்துச்சுன்னா போட்டோ அனுப்புங்க, இந்தப் பக்கத்துலயே போட்டுடறேன்.