ஒவ்வொரு சோதனைச் சார்பாகப் பார்த்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,
எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். டிஸ்ட்ரிபியூஷன்களை (வழவழப்பான ஒரு சோதனைச் சார்போடு சேர்த்தால் எண் தரும் பொதுமைச் சார்புகளை) மதிப்பாகக் கொண்ட தற்செயல் நிகழ்முறைகளின் நலிந்த ஒருங்கலில் (அவற்றின் பரவல்கள் ஓர் எல்லையை நெருங்குவதில்) சிக்கிக்கொண்டேன். ஒவ்வொரு சோதனைச் சார்பாக எடுத்து இறுக்கத்தை (நிகழ்தகவு சிதறி ஓடாமல், ஏறக்குறைய முழுவதும் ஒரு கச்சிதக் கணத்துக்குள் நிற்பதை) காட்டினாலே போதும் என்கிறது கணிதவியலர் மிட்டோமாவின் 1983 தேற்றம். முடிவிலிப் பரிமாணத்தில் அது எப்படிப் போதும்?
மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

நியாயமான சந்தேகம். ஹில்பர்ட் வெளியில் (நீளமும் கோணமும் அளக்கக்கூடிய, முடிவிலிப் பரிமாணமும் கொள்ளும் வெளியில்) அது போதவே போதாது.

0 முதல் 2π வரை ஒரு சைன் அலையை வரையுங்கள். அலைகளின் எண்ணிக்கையை 10, 100, 1000 என்று கூட்டிக்கொண்டே போங்கள். உயரம் 1-லேயே நிற்கும். ஆனால் வழவழப்பான ஒரு சார்பால் பெருக்கித் தொகையிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று அடிபட்டுப் போய், விடை 0-ஐ நெருங்கும். எந்தச் சார்பை வைத்துச் சோதித்தாலும் இதேதான். எல்-2 நார்மோ (வர்க்கத்தைத் தொகையிட்டு அளக்கும் சார்பின் நீளமோ) கொஞ்சமும் குறையாது; எனவே அலைகள் அந்த வெளியில் 0-ஐ நெருங்குவதில்லை. அதாவது ஹில்பர்ட் வெளியில் சோதனைகள் எல்லாம் தேறிவிடும், இறுக்கம் மட்டும் இருக்காது.

டிஸ்ட்ரிபியூஷன்கள் இருக்கும் ஷ்வார்ட்ஸின் வெளி அப்படியில்லை. டிஸ்ட்ரிபியூஷனை ஹெர்மைட் சார்புகளில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான அடிப்படைச் சார்புகளில்) விரித்து, ஒவ்வொரு கெழுவையும் அதன் வரிசை எண்ணின் தக்க அடுக்கால் வகுத்து அளந்தால், தொலைவில் இருக்கும் கெழுக்களின் பங்கு கூட்டினாலும் சிறிதாகவே இருக்கும். இப்படி எடை போட்டு அளக்க இடம் கொடுப்பதைத்தான் நியூக்ளியர் தன்மை என்கிறோம். இதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வெளி எதற்கு என்றால், ஒன்றையொன்று பாதிக்காத பல பிரவுனியன் துகள்களை நினைத்துக்கொள்ளுங்கள். துகள் எண்ணிக்கை பெருகும்போது சராசரி அடர்த்தி வெப்பச் சமன்பாட்டின்படி நடக்கும். அதிலிருந்து வரும் விலகலைத் துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெரிதாக்கினால், எல்லையில் கிடைப்பது சார்பும் அல்ல, அளவையும் (measure) அல்ல. அதைத் தாங்க ஷ்வார்ட்ஸின் வெளி வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சோதனைச் சார்பை வைத்தபின் ஒரு நேரப்புள்ளியில் பார்த்தால் போதாது, பாதை முழுக்க இறுக்கம் வேண்டும். எல்லை ஒன்றுதான் என்பதற்கு, பல நேரங்களில் பல சோதனைச் சார்புகள் தரும் மதிப்புகளின் கூட்டுப் பரவலையும் தனியாகக் காட்ட வேண்டும்.

துகள் கணக்கில் ஒரு சோதனைச் சார்பை எடுங்கள். இரண்டு நேரங்களுக்கு இடையே விலகல் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அந்த மாற்றத்தின் நாலாம் அடுக்கின் சராசரியைக் கணக்கிடுங்கள். அது நேர இடைவெளியின் வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கியதற்குள் அடங்கும். அப்புறம் இப்படிப்பட்ட வரம்பிலிருந்து பாதைகளின் இறுக்கத்தைத் தரும் கோல்மோகோரோவின் நிபந்தனை மீதியைப் பார்த்துக்கொள்ளும். போட்டு அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.