டெஸ்ட் கேஸின் விடை எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப் ஒன்றின் மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறேன். புதிதாக வாங்கிய டூல் எங்கள் நிரலைப் படித்து ஒரே இரவில் எல்லா டெஸ்ட் கேஸ்களையும், அதாவது உள்ளீடும் அதற்கு எதிர்பார்க்கும் விடையும் கொண்ட சோதனைகளை, உருவாக்கிவிட்டது. கவரேஜ், அதாவது டெஸ்ட்கள் ஓட்டிப் பார்த்த நிரல் வரிகளின் அளவு, நூறு சதவீதம். இனி கையால் எழுத வேண்டாம் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம்தான் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தயக்கம் சரி. அந்த டூல் உள்ளீடுகளை நிரலிலிருந்து எடுக்கிறது. எதிர்பார்க்கும் விடையை? அதையும் நிரலை ஓட்டிப் பார்த்துத்தான் குறித்துக்கொள்கிறது என்றால், கணக்கு தப்பாக இருந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகும். எழுத மறந்துபோன சரிபார்ப்பு நிரலில் இல்லவே இல்லை, ஆகவே கவரேஜ் கணக்கிலும் வராது.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஒரு 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அந்த நிரல் ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடியதுதான். புதிய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் எவ்வளவு பெரிதாகும் என்பது நிரலுக்குள் எழுதியிருக்கவில்லை. அந்தப் பாதையை வைத்து யாரும் சோதிக்கவும் இல்லை.

விமான மென்பொருளுக்கான டிஓ-178சி என்ற தர ஆவணம் இதில் தெளிவாக இருக்கிறது. டெஸ்ட்களைத் தேவைகளிலிருந்து, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்ததிலிருந்து, எழுத வேண்டும், அப்புறம் கவரேஜை அளக்க வேண்டும். தொடப்படாத வரி தென்பட்டால் விடுபட்டது டெஸ்டா, தேவையா, அல்லது அந்த வரியே வேண்டாததா என்று பார்க்க வேண்டும். அந்த வரியைத் தொடுவதற்கென்றே ஒரு டெஸ்டை ஒட்டவைத்தால் இந்த விசாரணையே நடக்காமல் போய்விடும்.

சிக்கனம் வேண்டும் என்பதும் நியாயம்தான். அதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. நிரல் எடுக்கும் ஒரு முடிவில் ஐந்து நிபந்தனைகள் இருந்தால் 32 சேர்க்கைகள். ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து முடிவை மாற்றுகிறது என்று காட்ட, எம்சி/டிசி முறையில் பெரும்பாலும் ஆறு போதும். ஆன், ஆஃப் என்று பத்து அமைப்புகள் (செட்டிங்) இருந்தால் 1024 சேர்க்கைகள். எந்த மூன்று அமைப்புகளை எடுத்தாலும் அவற்றின் எல்லாச் சேர்க்கைகளும் வந்துவிட வேண்டும் என்றால் 13 டெஸ்ட் போதும். பல துறைகளின் பிழைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை ஓரிரு அமைப்புகள் சேர்ந்தாலே வெளிப்பட்டன. ஆனால் இவையெல்லாம் உள்ளீட்டைத்தான் குறைக்கும், விடையைச் சொல்லாது.

டூலைத் தூக்கிப் போட வேண்டாம், உள்ளீடு தரட்டும். விடையை நிரலைப் பார்க்காத ஒருவர் தேவை ஆவணத்திலிருந்து எழுதட்டும். குழாய் அடைப்பு அலாரத்திலிருந்து தொடங்குங்கள். அழுத்தம் எல்லைக்குச் சற்றுக் கீழே, எல்லையில், சற்று மேலே இருக்கும்போது பம்ப் என்ன செய்ய வேண்டும்? ஆவணத்தில் பதில் இல்லையென்றால், டெஸ்ட் எழுதும் முன்பே அந்த ஆவணத்தை எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.