திரும்பி வராத பிளென்ஹெயிம்கள்: விமானிகளின் விவரத்தை எங்கே தேடுவது?

கேள்வி: 1942இல் கொழும்பிலிருந்து ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கச் சென்று திரும்பாத குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி எங்கள் பாடசாலை மலருக்கு எழுதுகிறேன். அவற்றில் சென்றவர்களுக்கு என்ன ஆயிற்று? அவர்களுக்கு ஏன் கல்லறை இல்லை? – திருகோணமலை வாசகர்.

பதில்: திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளான அதே ஏப்ரல் 9ஆம் திகதி காலையில், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைந்திருந்த ஓடுபாதையிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) புறப்பட்டது. பதினொரு பிளென்ஹெயிம் குண்டுவீச்சு விமானங்களில் இரண்டு கோளாறு காரணமாகத் திரும்பிவிட, மற்ற ஒன்பதும் போர்விமானத் துணையின்றியே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களை எட்டின. அவற்றுள் ஒன்றான அகாகியின் அருகே குண்டுகள் விழும்வரை ஜப்பானியர் பிளென்ஹெயிம்களைக் கவனிக்கவே இல்லை. ஆயினும் ஒரு குண்டுகூடக் கப்பலில் படவில்லை. ஜப்பானியரின் சீரோ போர்விமானங்கள் துரத்தித் தாக்கியதிலும், திரும்பும் வழியில் நடந்த மோதலிலும் ஐந்து பிளென்ஹெயிம்கள் வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் மூவர் வீதம் பதினைந்து பேர் சென்றிருந்தார்கள்.

இவர்களின் பெயர்களுக்கு முதலில் நாட வேண்டியது, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகம். அங்கு ‘ஏர் 27’ என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் உள்ளன. விமானத்தின் எண், குழுவினரின் பெயர்கள், புறப்பட்ட நேரம் ஆகியவற்றை அவற்றில் காணலாம். அடுத்து, கட்டணமின்றித் தேடக்கூடிய பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் அதே திகதியைக் கொடுத்துப் பாருங்கள். பிரித்தானிய ஸ்குவாட்ரன்களில் ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர், கனடியர் எனப் பலரும் பணியாற்றியதால், தேடலை ஒரே விமானப்படைக்குள் அடக்கினால் சிலர் விடுபடக்கூடும். கடலில் வீழ்ந்து உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இருப்பதில்லை. இப்பகுதியில் அவ்வாறு மறைந்த விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியிலுள்ள நினைவுச்சின்னத்தில், 24,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். அன்றைய நாட்குறிப்பில் ‘காணாமற்போனார்’ என்றிருப்பதை ‘இறந்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து நாட்களுக்கு முன், கொக்கலையிலிருந்து சென்று இதே கப்பற்படையை முதலில் கண்டு எச்சரித்த கனடிய விமானி பர்ச்சலின் கட்டலினா விமானமும் திரும்பவில்லை. ஆனால் அதிலிருந்த ஒன்பது பேரில் அறுவர் உயிரோடு சிறைப்பட்டிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பெயரையும் ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

ஏப்ரல் 9ஆம் திகதியே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸின் மாலுமிகளைக் கிராஞ்சியில் தேட வேண்டாம். உடல் கிடைக்காத பிரித்தானிய மாலுமிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் பிளிமத், போர்ட்ஸ்மத், சத்தம் ஆகிய ஊர்களிலுள்ள கடற்படை நினைவுச்சின்னங்களில் இருக்கும்.