மகளின் மடியில் தந்தையின் பூட்ஸ்: பவுலா ரேகோ கேள்வி பதில்

கேள்வி: போர்ச்சுகலில் பிறந்த ஓவியர் பவுலா ரேகோ 1987இல் வரைந்த 'போலீஸ்காரரின் மகள்' ஓவியத்தில், வெள்ளை உடையணிந்த சிறுமி ஒருத்தி பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறாள், பக்கத்தில் ஒரு கறுப்புப் பூனை. வீட்டு வேலைதானே? இதில் வன்முறை எங்கே இருக்கிறது?

பதில்: முதலில் அவள் கையைப் பாருங்கள். உயரமான அந்தக் கறுப்பு பூட்ஸுக்குள் ஒரு கையை ஆழமாக நுழைத்துக்கொண்டு, மறு கையால் தோலைத் தேய்க்கிறாள். பாலிஷ் போடுபவர்கள் இப்படிப் பிடிப்பது வழக்கம்தான். ஆயினும் அவள் உடம்பில் ஏறியிருக்கும் விறைப்பு அந்த வேலைக்கு வேண்டியதைவிட அதிகம். தந்தை படத்தில் இல்லை. அந்த பூட்ஸ் யாரை மிதித்துவிட்டு வந்தது என்பதும் படத்தில் இல்லை. ஆனால் தலைப்பில் வரும் 'போலீஸ்காரர்', ரகசியப் போலீஸின் கைதுகளும் சித்திரவதைகளும் நடந்த, சர்வாதிகாரி சலாசரின் ஆட்சிக்கால போர்ச்சுகலை அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

கேள்வி: அவள் அன்போடு தேய்க்கிறாளா, வெறுப்போடா?

பதில்: ஒன்றைத் தேர்ந்தால் மற்றதும் உடனே மெய்யாகத் தோன்றும்படி ரேகோ வரைந்திருக்கிறார், இந்தப் படத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். பொருள் மயக்கம் என்றதும் மங்கலான தீற்றல்களைப் பலர் எதிர்பார்க்கிறார்கள். இங்கோ உடையின் மடிப்பும் நிழலின் விளிம்பும்கூடத் துல்லியமாக இருக்க, சிறுமியின் மனம் மட்டுமே நமக்கு எட்டவில்லை. முகத்தின் இறுக்கம் வேலையில் உள்ள கவனமாகவும் இருக்கலாம், அடக்கிய கோபமாகவும் இருக்கலாம். படத்தின் உயரம் ஏறத்தாழ 213 செ.மீ. என்பதால், அதன் முன் நிற்பவருக்கு அவளைச் சின்னப் பெண் என்று குனிந்து பார்க்கும் வசதியும் கிடைப்பதில்லை.

கேள்வி: இது அவருடைய சொந்தக் கதையா?

பதில்: நேரடியாக இல்லை. ரேகோ 1935இல் லிஸ்பனில் பிறந்தவர். அவருடைய தந்தை பொறியாளர். சலாசர் ஆட்சியை வெறுத்தவர். சொந்த வாழ்வு இதற்கு முந்தைய சிறுமி-நாய் ஓவியங்களில்தான் நெருக்கமாக வருகிறது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் நலிந்து 1988இல் இறந்த கணவர் விக்டர் வில்லிங்கைப் பராமரித்த காலத்தில் அவற்றை வரைந்தார். அவற்றுள் ஒன்றில் நாயின் கழுத்தருகே சிறுமி சவரக்கத்தியைப் பிடித்திருக்கிறாள். பணிவிடை செய்யும் கையும் கொல்லத் துணியும் கையும் அங்கே ஒரே நிலையில் இருக்கின்றன.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்குப் 'போலீஸ்காரரின் மகள்' ஓவியத்தைக் காட்டலாமா?

பதில்: தாராளமாகக் காட்டலாம். தலைப்பை மட்டும் கடைசியில் சொல்லுங்கள். அந்த பூட்ஸ் யாருடையது என்று அவர்களே முதலில் பேசட்டும்.