‘தேவ சித்தமானால்’ என்று திட்டத்தில் எழுதலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் துணி இறக்குமதிக் கடையொன்றில் வேலை. முதலாளி மூன்று மாதத் திட்டம் கேட்கிறார். திகதி போட்டு எழுதினால் பெருமையாகிவிடுமோ என்று மனம் உறுத்துகிறது.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாக எழுதுங்கள். யாக்கோபு 4:13-16 கண்டிப்பது வியாபாரியின் கணக்கை அல்ல, நாளை தன் கையில் என்ற வீம்பை. பவுலும் 1 கொரிந்தியர் 16இல், மக்கெதோனியா வழியாக வருவேன், பெந்தெகொஸ்தே வரை எபேசுவில் இருப்பேன் என்று வழியும் தவணையும் சொல்கிறார். கர்த்தர் அனுமதித்தால் என்பதும் அங்கேயே இருக்கிறது.

சரக்குக்கு ஒற்றைத் திகதி போடாதீர்கள். கடைசி ஐந்தாறு கொள்கலன்களின் பற்றுச்சீட்டுகளை எடுத்து, துறைமுகத்திலிருந்து கடைக்கு வர ஆன நாட்களில் மிகக் குறைந்ததையும் கூடியதையும் எழுதுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களையும் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையையும் முதலே வெட்டிவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இது எதை நம்பி?’ என்றொரு கட்டம்: எல்.சி. (விற்பவருக்கு வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறப்பது, கப்பல் வருவது, சுங்கம் விடுவிப்பது. உங்கள் கையில் இல்லாதவை எத்தனை என்று அந்தக் கட்டமே காட்டும்.

விலைமனுவில் ‘தேவ சித்தமானால்’ வேண்டாம். வாங்குபவருக்கு அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். அதை ஜெபத்தில் சொல்லுங்கள். தாமதமென்று தெரிந்த அன்றே புதுத் திகதியோடு அவருக்கு அழைப்பெடுங்கள்.