ஜீரோ எரரைக் கூட்டணுமா, கழிக்கணுமா?

"ஃபார்முலா எல்லாம் தெரியும் சார், ஆனா ஸ்க்ரூ கேஜ் கணக்குல ஜீரோ எரரைக் கூட்டறதா கழிக்கறதான்னு ஒவ்வொரு தடவையும் குழம்புது, பிசிகல் கெமிஸ்ட்ரில விடை எங்கயோ போய் நிக்குது, இன்னும் நிறைய கணக்கு போட்டா சரியாகிடுமா?"ன்னு கேட்டிருக்கீங்க. போடறதையே திரும்பத் திரும்பப் போட்டா அந்தத் தப்புதாங்க கைல படியும், முதல்ல எங்க இடறுதுன்னு பாருங்க.

கம்பி மாதிரி மெல்லிசானதை அளக்கற ஸ்க்ரூ கேஜுக்கு பாசிட்டிவ் நெகட்டிவ்னு ரூல் மனப்பாடம் பண்ணவே வேணாம். நடுவுல ஒண்ணுமே வைக்காம மூடினா கருவி என்ன காட்டுதுன்னு பாருங்க, அதுதான் ஜீரோ எரர், அதைக் கழிங்க, அவ்ளோதான். லீஸ்ட் கவுண்ட், அதாவது கருவி அளக்கற மிகச் சின்ன அளவு, 0.01 மிமீ, கம்பியை வச்சா 2.45 மிமீ காட்டுது, சும்மா மூடினப்போ 0.04 காட்டிச்சுன்னா உண்மையான விட்டம் 2.41. மூடினப்போ தலைக்கோல்ல, அதாவது சுத்தற 100 கோட்டு ஸ்கேல்ல, 96வது கோடு வந்து நின்னா, 100 கோட்டுக்கு 4 குறையுது, அதாவது மைனஸ் 0.04, மைனஸைக் கழிச்சா கூட்டல், 2.49 ஆயிடும்.

பெண்டுலம் கணக்குல நிறைய பேர் விழற இடம் வேற. 20 ஊசலுக்கு 40 செகண்ட், ஸ்டாப்வாட்ச் 0.1 செகண்ட் வரைக்கும்தான் காட்டும்னா, பிழையை 40-ல வகுக்கணும், 2-ல இல்ல. 0.25 சதவீதம் வரும். 2-ல வகுத்தா 5 சதவீதம்னு வந்து பயமுறுத்தும். 20 ஊசல் எண்றதே அதுக்குத்தானே! புவியீர்ப்பு முடுக்கம் g கண்டுபிடிக்கற ஃபார்முலால நேரம் ஸ்கொயர்ல இருக்கு, அதனால 0.5, நீளம் 100 செமீல 1 மிமீ பிழைன்னா 0.1, ஆக மொத்தம் 0.6 சதவீதம்.

கெமிஸ்ட்ரிக்கு வருவோம். 2 மோல் வாயு, 5 லிட்டர், 27 டிகிரி செல்சியஸ், அழுத்தம் கேக்கறாங்க. PV = nRT-ல 300 கெல்வின், வாயு மாறிலி R-க்கு 0.0821 போட்டா 9.85 அட்மாஸ்பியர். அதே இடத்துல 8.314 போட்டா 998 வரும், உடனே தப்புன்னு அடிச்சிடாதீங்க, லிட்டரை அப்படியே வச்சு 8.314 போட்டா விடை கிலோபாஸ்கல்ல வருது, அது ரெண்டும் ஒரே அழுத்தம்தான். யூனிட்டை எழுதாம விட்டதுதான் பிரச்சனை.

சூடு ஏறினா வினை வேகம் எவ்ளோ மாறும்னு சொல்ற அர்ஹீனியஸ் சமன்பாட்டுல இந்த யூனிட் தப்பு இன்னும் மோசம், ஏன்னா எண் அடுக்குல போய் உக்காந்துக்கும். ஆக்டிவேஷன் எனர்ஜி (வினை நடக்கத் தேவைப்படற குறைஞ்சபட்ச ஆற்றல்) மோலுக்கு 50 கிலோஜூல், 300-ல இருந்து 310 கெல்வினுக்குப் போனா வேகம் கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஆகணும். கிலோஜூலை ஜூலாக்க மறந்துட்டா 1.0006 மடங்குன்னு வரும். பத்து டிகிரி சூடு ஏத்தியும் வினை அசையவே இல்லைன்னு விடை சொன்னா, கால்குலேட்டரை நம்பாம பேப்பரை ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

வேகம் செறிவுக்கு நேர் விகிதத்துல இருக்கற முதல் வகை வினைக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி, செறிவு விகிதமாத்தான் வருது, அதோட யூனிட் அடிபட்டுப் போயிடும். 87.5 சதவீதம் முடிஞ்சதுன்னு கேட்டா லாக் டேபிளைத் தேடாதீங்க, மிச்சம் எட்டுல ஒரு பங்கு, அதாவது மூணு தடவை பாதியாகியிருக்கு, மூணு அரை ஆயுள்.

இன்னைக்கு புதுசா எதுவும் போடவேணாம், ஏற்கனவே தப்பா போன பத்து கணக்கை எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் யூனிட் எழுதி மறுபடி போடுங்க.