டர்போ டிகோடரை சிஆர்சி சரியானதும் நிறுத்தினால் மொபைலில் பேட்டரி மிச்சமாகுமா, அது போதுமா?

உங்கள் டர்போ டிகோடர் (வந்த சிக்னலில் உள்ள பிழைகளைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தும் பகுதி) எப்போதும் 8 இட்டரேஷன் (சுற்று) ஓடுகிறது, எல்டிஇ (4ஜி) போனுக்கு அதில் மின்சாரத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வருட ப்ராஜெக்ட் என்று நினைக்கிறேன். சிஆர்சி (பிட்டுகள் சரியா என்று காட்டும் சோதனை எண்) பார்த்து நிறுத்துவது நல்லதுதான், ஆனால் பாதி வேலைதான். தேறாத பிளாக்கை (எத்தனை சுற்று ஓட்டினாலும் சிஆர்சி சரியாகாத டேட்டா துண்டை) எப்போது கைவிடுவது என்பது மீதிப் பாதி. அதை அதிகம் பேர் பேசுவதில்லை என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதல் பாதி சுலபம். எல்டிஇ-யில் பெரிய டிரான்ஸ்போர்ட் பிளாக்கை (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டாத் தொகுப்பை) அதிகபட்சம் 6144 பிட் உள்ள கோடு பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தனி 24 பிட் சிஆர்சி வைக்கிறார்கள். ஒவ்வொரு இட்டரேஷன் முடிவிலும் அதைப் பாருங்கள், சரியானால் நிறுத்துங்கள். சிக்னல் நன்றாக இருந்தால் பெரும்பாலான பிளாக்குகள் 2, 3 இட்டரேஷனிலேயே தேறிவிடும். சிஆர்சி இல்லாத இடத்துக்கு ஹேகனாவர், ஆஃபர், பாப்கே 1996-ல் சொன்ன க்ராஸ் என்ட்ரபி (இரண்டு முடிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு) முறையும், ஷாவோ, லின், ஃபாசோரியர் 1999-ல் சொன்ன, பிட் மதிப்புகளின் +/- குறி மாற்றத்தை எண்ணும் முறையும் இருக்கின்றன. இரண்டு முடிவுகளை ஒப்பிடுவதற்காகவே ஓர் இட்டரேஷன் கூடுதலாகப் போய்விடும், அவ்வளவுதான்.

இனி என் கதை. பெங்களூரில் ஒரு மோடம் சிப் கம்பெனியில் ஃபிசிக்கல் லேயர் (ரேடியோ சிக்னலைக் கையாளும் அடுக்கு) டீமில் சில வருடம் இருந்தேன். செல் எல்லையில் (டவர் சிக்னல் மங்கும் இடத்தில்) டெஸ்ட் போன் சூடாகிறது என்று ஃபீல்டு டீம் விடாமல் புகார் அனுப்பியது. "எல்லையில் பவர் ஆம்ப்ளிஃபையர்தான் பேட்டரியைக் குடிக்கும், நாம் என்ன செய்ய முடியும்" என்று மீட்டிங்கில் முடித்துவிட்டார்கள். ஆம்ப்ளிஃபையர் குடிப்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் லாகைப் பிரித்துப் பார்த்தபோது டிகோடரில் வேறு ஒன்று தெரிந்தது. 8 இட்டரேஷனும் முழுசாக ஓடியவற்றில் பெரும்பாலானவை கடைசியில் சிஆர்சி தோற்ற பிளாக்குகள்.

இது தற்செயல் இல்லை, அமைப்பே அப்படித்தான். போன் டவருக்கு அனுப்பும் சிக்யூஐ (சிக்னல் தரம் பற்றிய அறிக்கை), முதல் முறையில் 10% வரை பிளாக்குகள் தோற்கலாம் என்ற கணக்கில் அமைந்தது. தோற்றால் ஹார்க் (தோற்ற பிளாக்கை மறுபடி வாங்கி, முன்பு வந்ததோடு சேர்த்துப் பார்க்கும் முறை) மூலம் மறுபடி வரும். 100 பிளாக் வருகிறது, 90 தேறுகிறது, தேறியவை சராசரியாக 3 இட்டரேஷன் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 270. தோற்ற 10-க்கு 80. மொத்தம் 350-ல் 80, கிட்டத்தட்ட கால் பங்கு, விழலுக்கு இறைத்த நீர்.

எங்கள் லீட் "8-ஐ 6 ஆக்கிவிடு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 7-ல் தேற வேண்டிய பிளாக்கையும் அது கொன்றுவிடும். தேறப்போகிற பிளாக்கில் எல்எல்ஆர்களின் (ஒவ்வொரு பிட்டும் 0-வா 1-ஆ என்பதில் உள்ள நம்பிக்கையைச் சொல்லும் எண்களின்) சராசரி அளவு ஒவ்வொரு இட்டரேஷனிலும் ஏறிக்கொண்டே போகும். தேறாததில் அங்கேயே தடுமாறிக்கொண்டிருக்கும். 3-வது இட்டரேஷனுக்கு மேல் ஏற்றம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் கைவிடு என்பதுதான் நான் வைத்த விதி. இதில் இழப்பு இல்லை என்பதை டீமுக்குப் புரியவைக்கத்தான் பாடுபட்டேன். ஹார்க் பஃபரில் இருப்பது சேனலிலிருந்து வந்த எல்எல்ஆர், டிகோடரின் வெளியீடு இல்லை. முன்னாலேயே நிறுத்தினாலும் அடுத்த முறை வருவதோடு சேர்க்க எல்லாம் அப்படியே இருக்கும். வரம்பை மட்டும் கஞ்சத்தனமாக வைக்கக் கூடாது. தேற வேண்டியதைத் தவறாகக் கைவிட்டால் மறுபடி வர எஃப்டிடி-யில் (அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அலைவரிசை உள்ள எல்டிஇ வகையில்) குறைந்தது 8 மில்லிசெகண்ட் ஆகும், அதற்கு ரேடியோவும் விழித்திருக்க வேண்டும். கடைசியில் என் விதி சிப்பில் போனது. இன்றும் எனக்கு அதில் பெருமை உண்டு.

நேரம் மிச்சமானால் மின்சாரமும் அதே அளவு மிச்சம் என்று எழுதிவிடாதீர்கள். சீக்கிரம் முடித்துவிட்டு கிளாக் (சிப்பை இயக்கும் துடிப்பு) ஓடிக்கொண்டே இருந்தால் பயன் குறைவு. கிளாக்கை நிறுத்த வேண்டும், முடிந்தால் சப்ளையையே துண்டிக்க வேண்டும். வோல்டேஜைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் லாபம் அதிகம், ஏனென்றால் டைனமிக் பவர் வோல்டேஜின் வர்க்கத்தில் போகிறது: 0.9-லிருந்து 0.7 வோல்ட்டுக்கு இறக்கினால் ஒரு செயலுக்கு ஆகும் ஆற்றல் 40% அளவுக்குக் குறையும். ஆனால் எத்தனை இட்டரேஷன் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது, ஏக்/நேக் (பிளாக் தேறியதா தோற்றதா என்ற பதில்) 4 சப்ஃபிரேம் (4 மில்லிசெகண்ட்) கழித்துப் போயே ஆக வேண்டும். மோசமான நிலைக்கும் நேரம் ஒதுக்கித்தான் வேகத்தைக் குறைக்கலாம்.

"5ஜி-யில் டர்போவே இல்லையே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். டேட்டாவுக்கு எல்டிபிசி (வேறு வகைப் பிழை திருத்தும் கோடு) வந்துவிட்டது, சரி. அங்கே சிண்ட்ரோம் (கோடின் பாரிட்டி சோதனைகளின் முடிவு) பூஜ்யமானால் நிறுத்தலாம், இன்னும் வசதி. தேறாததைக் கைவிடும் பிரச்சினை அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. "24 பிட் சிஆர்சியை ஒவ்வொரு இட்டரேஷனிலும் சோதித்தால் தப்பான பிளாக் பாஸ் ஆகிவிடாதா" என்பவர்களுக்கு: ஒரு சோதனைக்கு ஏறக்குறைய 1.68 கோடியில் ஒரு வாய்ப்பு, அதற்கு மேல் டிரான்ஸ்போர்ட் பிளாக்குக்கு இன்னொரு 24 பிட் சிஆர்சி காவலுக்கு இருக்கிறது.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் பிசிஜேஆர் அல்காரிதத்தை (டர்போ டிகோடரின் உள்ளே ஓடும் கணக்கை) ஒவ்வொரு வரியாகத் தானே எழுதி ப்ராஜெக்ட் செய்தான். வைவாவில் அவனைவிட, ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து மேட்லேப் கோடு வாங்கி வந்த பையனுக்கு மார்க் அதிகம், கிராஃப் அழகாக இருந்ததாம். அந்தக் கணக்கின் முன்னோக்கிய, பின்னோக்கிய அளவுகளான ஆல்ஃபா, பீட்டா என்றால் என்ன என்று அந்தப் பையனிடம் எக்ஸாமினர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் தயவுசெய்து டிகோடரை நீங்களே எழுதுங்கள்.

ரிப்போர்ட்டில் சராசரி இட்டரேஷனைத் தேறியவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். அப்புறம் ஒரு பொறி: எல்டிஇ சிஆர்சி ரெஜிஸ்டர் பூஜ்யத்தில் தொடங்குவதால், எல்லா பிட்டும் 0 ஆன வெளியீடு சிஆர்சியில் பாஸ் ஆகிவிடும். சிக்னலே இல்லாமல் எல்எல்ஆர் எல்லாம் பூஜ்யமாக வந்தால் உங்கள் டிகோடர் முதல் இட்டரேஷனிலேயே "சரி" என்று நிறுத்திவிடக்கூடும். டெஸ்ட் வெக்டாரில் (சோதனை உள்ளீடுகளில்) அதையும் சேர்த்துவிடுங்கள்.